காதுக்காரரின் இடது ஸ்பீக்கர்

ஆஸ்பத்திரியில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளியே கையை விரித்துவிடுவார். முதல் மாடியில் எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் போனால் கனத்த கதவு போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் வெளிச் சத்தம் நுழையாத கூண்டு, கூண்டில் ஒரு கண்ணாடி ஜன்னல். காது சரியில்லை என்று வருகிறவரை உள்ளே உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "பீப்னு கேட்டா அமுக்குங்க. கேட்கலைன்னா சும்மா இருங்க. வந்திருக்கும்னு நினைச்செல்லாம் அமுக்கக் கூடாது" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். பிறகு வெளியே கருவியின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாக அனுப்புவார். வலது காதுக்கு ஒரு கோடு, இடது காதுக்கு ஒரு கோடு, இரண்டையும் ஒரே தாளில் போட்டு டாக்டருக்கு அனுப்பினால் அவர் வேலை முடிந்தது.

காது மந்தமாகி வருகிறவர்கள் எல்லோரும், படித்தவர் படிக்காதவர் வித்தியாசமே இல்லாமல், ஒரே வசனத்தைத்தான் பேசுவார்கள். "எனக்கு நல்லாத்தாங்க கேட்குது. வீட்ல இருக்கிறவங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறாங்க." இதைக் கேட்டதும் காதுக்காரருக்குச் சிரிப்பு முட்டும். அங்கே சிரிக்க முடியாதே! அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பார்.

மனைவி கணக்கு டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் கத்திவிட்டு, தொண்டை வற்றி வீட்டுக்கு வருகிறவர். மூன்றாவது மாடியில் இரண்டே அறை உள்ள வீடு. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இருவரும், ஒரு ஆம்ப்ளிஃபயரும், இரண்டு ஸ்பீக்கர்களும்தான். சாயங்காலம் டீ குடித்துவிட்டு, ஸ்பீக்கர்களுக்கு எதிரே போட்டிருக்கும் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். ஜன்னல் ஓரத்து நாற்காலி அவருடையது. அவருக்கு இடது கைப் பக்கம் டீச்சர். அந்த நேரத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதில் காதுக்காரருக்கு ஏகப்பட்ட பெருமை. கேண்டீனில் பெண்டாட்டி தொல்லை என்று யாராவது புலம்பினால், "எங்க வீட்ல பாட்டு ஓடினா மூச்! அவளுக்கும் பாட்டுன்னா உசிரு" என்பார். முன்பெல்லாம் டீச்சர் நடுநடுவே ஏதாவது சொல்வதுண்டு. வரவர அதுவும் குறைந்துவிட்டது. வயதாக ஆக ரசனை கூடியிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இந்த நிம்மதியில் மண் விழுந்தது இடது ஸ்பீக்கரால்.

இடப் பக்கத்துச் சத்தம் மங்கலாகிக்கொண்டே வந்தது. பாடுகிறவர் நடுவில் நின்று பாட வேண்டும், அதுதானே ஸ்டீரியோ? இவருக்கு எல்லாப் பாடகரும் ஜன்னல் பக்கமாக நகர்ந்துபோய் நின்றார்கள். ஆம்ப்ளிஃபயரில் இடம் வலம் சரிசெய்ய ஒரு குமிழ் உண்டு. அதை இடப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தால் பாடகர் நடுவுக்கு வந்துவிடுவார். ஆனால் மறுநாள் பார்த்தால் குமிழ் மறுபடி நடுவிலேயே நிற்கும். குமிழும் நழுவுகிறது, இடது பக்கமும் செத்துக்கொண்டு வருகிறது, பழசு தன் புத்தியைக் காட்டுகிறது என்று காதுக்காரர் முடிவு கட்டினார்.

"ஆம்ப்ளிஃபயர் போச்சு. இடது பக்கம் சத்தமே இல்லை" என்றார் ஒருநாள்.

டீச்சர் விடைத்தாள் கட்டிலிருந்து நிமிர்ந்தார். "எனக்கு ரெண்டு பக்கமும் சரியாத்தானே கேட்குது. எதுக்கும் உங்க காதை ஒருதரம் பார்த்துடுங்களேன்."

அவ்வளவுதான், மனுஷனுக்கு வந்ததே கோபம்! "யாருக்கு யார் காது குத்துறது? ஊர்ல இருக்கிறவன் காதையெல்லாம் பார்க்கிறவன் நான். தினம் காலைல என் காதை நானே டெஸ்ட் பண்றேன், தெரியுமா?"

அது பொய்யில்லை. முதல் ஆள் வருவதற்கு முன் கருவியைச் சோதித்துப் பார்ப்பது அவர்கள் தொழிலில் விதி. ஹெட்ஃபோனைத் தன் காதில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, சத்தம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பார். அனுப்புகிற கையும் அவருடையது, கேட்கிற காதும் அவருடையது. எந்தச் சத்தம் எப்போது வரும் என்று கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்ததைக் காதும் கேட்டதாக நினைத்துக்கொள்ளும். வந்திருக்கும் என்று நினைத்து அமுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், தினமும் காலையில் செய்துவந்தது அதைத்தான். ஒருமுறை அந்தச் சோதனையிலேயே இடப் பக்கம் மந்தமாகத் தெரிந்தபோது, ஹெட்ஃபோனைக் கழற்றிக் கம்பெனிக்கு அனுப்பினார். பழுது எதுவும் இல்லை என்று திரும்பி வந்தது. கம்பெனிக்காரனுக்கு வேலை தெரியவில்லை என்று அதையும் முடித்துவிட்டார்.

ஆம்ப்ளிஃபயர் கெட்டால் வேறு வாங்கலாம். காது கெட்டால் எந்தக் கடையில் வாங்குவது? அதனால் அவருக்கு அது ஆம்ப்ளிஃபயராகத்தான் இருந்தாக வேண்டும். இடது காது என்று ஒரு நினைப்பு எப்போதாவது தலைகாட்டாமல் இல்லை. தலைகாட்டினால் உடனே போனை எடுத்து, புது ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிவைத்திருப்பதைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்.

படித்தார், படித்தார், மாதக்கணக்கில் படித்தார். கார் வாங்கலாம் என்று சேர்த்து வைத்திருந்ததை இதில் போடுவதென்று தீர்மானித்தார். "ஒரே பெட்டில எல்லாம் வந்துடுது. இன்டர்நெட்லேருந்து நேரா பாட்டை எடுக்கும், நம்பரா வர்றதைச் சத்தமா மாத்துற பகுதியும் உள்ளேயே இருக்கு, டிவியையும் சேர்த்துக்கலாம்" என்று டீச்சரிடம் அடுக்கினார். சாயங்காலம் பாட்டுக்கு நடுவில், புதுசு வாங்குவதைப் பற்றி டீச்சர் என்னவோ சொன்னார் போலிருந்தது. இவர் "ம்" என்றார்.

இந்த "ம்" கொஞ்சம் விவகாரமானது. போன வருஷம் ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டார். கூடத்துச் சுவர் முழுக்கப் பச்சை. ஆஸ்பத்திரித் திரைச்சீலையின் பச்சை. "யாரைக் கேட்டு அடிச்சே?" என்றால், "உங்களைக் கேட்டுத்தான். ம்-னு சொன்னீங்களே" என்றார் டீச்சர். சொல்லியிருப்பேன், மறந்துவிட்டேன் என்று இவர் வாயை மூடிக்கொண்டார். அந்தப் பச்சையைப் பார்க்கிறபோதெல்லாம் இன்னும் டூட்டியில் இருப்பதுபோல் இருக்கும். ஒப்புக்கொண்ட மனுஷன் பிறகு குறை சொல்வது நியாயமில்லையே என்று விட்டுவிட்டார்.

கடை, தரைக்கல் விற்கிற கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய கேட்கும் அறை, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. கடைக்காரர் நல்ல வாட்டசாட்டமான ஆள். குரல் மட்டும் தாலாட்டு மாதிரி. முன்கூட்டியே போனில் சொல்லியிருந்ததால் மூன்று ஆம்ப்ளிஃபயர்களைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். ஒன்று வெள்ளி நிறம், பெரிய குமிழ்கள், முன்னால் முள் ஆடும் இரண்டு மீட்டர்கள். தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது சின்னது, அடக்கமானது. மூன்றாவது கறுப்பு. குமிழே கிடையாது, முகம் முழுக்கக் கண்ணாடித் திரை; எல்லாவற்றையும் ரிமோட்டிலோ போனிலோ செய்துகொள்ள வேண்டும்.

"குமிழ் இல்லாம என்னங்க ஆம்ப்ளிஃபயர்?" என்றார் காதுக்காரர்.

"நிறையப் பேர் அப்படித்தான் சார் சொல்றாங்க. சொல்லிட்டு இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

காதுக்காரர் கையோடு ஒரு பாட்டைக் கொண்டுபோயிருந்தார். ஒரு பெண் தனியாகப் பாடுவது. பின்னால் ஒரே ஒரு வயலின். பாடகி இம்மி பிசகாமல் நடுவில் நிற்க வேண்டும். வெள்ளியில் போட்டார்கள். முள் அழகாக ஆடியது. பாடகி வலது பக்கம் நின்றார்.

"இது சரியில்லை. இடது பக்கம் வீக்" என்றார்.

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் சின்னதை மாட்டினார். பாடகி அங்கேயும் வலது பக்கம்தான். கறுப்பை மாட்டினார். அம்மணி நகர்வதாக இல்லை.

"மூணும் பழுதா? என்ன கடைங்க நடத்துறீங்க?"

"ஸ்பீக்கரா இருக்கலாம் சார். பார்த்துடுவோம்" என்று கடைக்காரர் இரண்டு ஸ்பீக்கர்களையும் வயரோடு இடம் வலம் மாற்றி வைத்தார். ஸ்பீக்கரோ வயரோ கெட்டிருந்தால் பாடகி இப்போது இடது பக்கம் தாவியிருக்க வேண்டும். தாவவில்லை. காதுக்காரர் சுவர்க் கம்பளத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"அப்போ ரூம்தான் காரணமா இருக்கும்" என்றார்.

"அதையும் அளந்துடலாம் சார். அதுக்குத்தான் இந்தக் கறுப்பு. அறை எப்படி இருக்குன்னு தானே கேட்டுப் பார்த்து, அதுக்கேத்த மாதிரி சத்தத்தைச் சரிபண்ணிக்கும்." கடைக்காரர் அவரை எழுந்திருக்கச் சொன்னார். அவர் தலை இருந்த இடத்தில் ஒரு முக்காலியை நிறுத்தி, விரல் நீளத்துக்கு ஒரு மைக்கைப் பொருத்தினார். இடது ஸ்பீக்கர் "ஊ...ய்" என்று அடியிலிருந்து உச்சிக்கு ஒரு சத்தம் போட்டது. பிறகு வலது. திரையில் இரண்டு கோடுகள் வந்தன.

இரண்டு கோடுகள். ஒன்று இடது, ஒன்று வலது. கீச்சு முதல் உறுமல்வரை ஒவ்வொரு சத்தமும் எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற கோடுகள். அவர் தினமும் போடுகிறது இதைத்தான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடந்தன. இப்படிக் கோடு வந்தால், "ஒண்ணும் பிரச்சினை இல்லை, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்புவார்.

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டைத் தானே கொஞ்சம் கேட்டார். "எனக்கு நடுவுலதான் சார் பாடுறாங்க" என்றார், ரொம்பத் தயங்கி.

"எனக்கு நல்லாத்தாங்க கேட்குது! உங்க ஸ்பீக்கர்தான் வாய்க்குள்ளேயே..." என்று காதுக்காரர் குரலை உயர்த்தினார். பாதியில் நின்றுவிட்டார்.

கடைக்காரர் மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைப்பதில் மும்முரமானார். எந்த ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று கேட்கவில்லை. நல்ல வியாபாரி.

மறுநாள் காலை, அடுத்த ஷிஃப்டில் கருவியைப் பார்க்கிற அம்மாவை முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தார். "எனக்கு ஒரு டெஸ்ட் எடு. நம்ம வழக்கமான வரிசைல போடாதே, உன் இஷ்டத்துக்குப் போடு. கையை நான் பார்க்காத மாதிரி திரும்பி உட்காரு" என்றார்.

"என்னண்ணா, எனக்குப் பரீட்சையா?"

"எனக்குத்தான்."

கதவைச் சாத்தியதும் உள்ளே எவ்வளவு நிசப்தம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. வலது காதுக்கு பீப் பீப் என்று வந்தது, அமுக்கினார். மெலிந்து மெலிந்து காற்று மாதிரி வந்ததையும் விடாமல் பிடித்தார். பிறகு இடது. முதலில் சில உறுமல்கள் கேட்டன. அப்புறம் ஒன்றுமில்லை. காத்திருந்தார். கண்ணாடி வழியே அந்த அம்மாவின் முதுகு தெரிந்தது. தோள் லேசாக அசைந்தது. ஒரு சத்தத்தை அனுப்பிவிட்டாள் என்று அவருக்குத் தெரியும். மறுபடி அசைந்தது. கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அமுக்கிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்? அவர் அமுக்கவில்லை. பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. அப்படியும் அமுக்கவில்லை.

தாளை நீட்டும்போது அந்த அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. வலது கோடு மேலே நேராகப் போயிருந்தது. இடது கோடு பாதி தூரம் கூடவே வந்து, அங்கிருந்து படி இறங்கிக்கொண்டே போயிருந்தது.

"இது நேத்து இன்னைக்கு வந்தது இல்லைண்ணா" என்றாள்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ஆபத்தாக ஒன்றும் இல்லை, நரம்பு தளர்ந்துவிட்டது, போனது திரும்பாது, காதுக் கருவி ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றார். "மூக்குக் கண்ணாடி மாதிரிதான், இதுல என்ன வெட்கம்" என்று எத்தனையோ பேரைக் காதுக்காரர் தேற்றி அனுப்பியிருக்கிறார். அதே வார்த்தைகளை டாக்டர் அவரிடம் சொன்னபோது எரிச்சலாக வந்தது. இவ்வளவு நாளும் எப்படிப்பட்ட ஆறுதலைச் சொல்லியிருக்கிறோம் என்று நொந்துகொண்டார்.

டீச்சரிடம் தாளைக் காட்டினார். கணக்கு டீச்சருக்குக் கோடு படிக்கச் சொல்லித்தர வேண்டுமா? பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "குமிழைத் திருப்பி வச்சது நான்தாங்க" என்றார். "காலைல துடைக்கும்போது பார்த்தா ஒரு பக்கமாத் திரும்பியிருக்கும். கை பட்டிருக்கும்னு நினைச்சு நடுவுல வைப்பேன். இவர் ஏன் தினமும் இதை இடிச்சுக்கிறார்னு நினைச்சுக்குவேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. ம்-னீங்க."

கடைசியில் அவர் வாங்கியது கறுப்பைத்தான். குமிழ் இல்லை என்று இகழ்ந்த அதே கறுப்பு. அதில் இரண்டு பேருக்கு இரண்டு அமைப்பைச் சேமித்து வைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதும், மற்ற இரண்டையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் கொண்டுவந்து மாட்டி, மைக்கை நிறுத்தி, அந்தப் பச்சை அறையையும் அளந்தார்கள். ரிமோட்டில் ஒன்றை அழுத்தினால் இடப் பக்கம் தூக்கிய, காதுக்காரரின் அமைப்பு. இரண்டை அழுத்தினால் டீச்சருடையது, எல்லாம் நடுவில். கடைக்காரர் போகும்போது, "சேர்ந்து கேட்கும்போது எதைப் போடுறதுன்னு சண்டை போட்டுக்காதீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சண்டை வரவில்லை. காதுக்காரர் இரண்டையே அழுத்தினார். தனியாக இருக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். பாடகி எனக்கு வலது பக்கம் நின்றால்தான் என்ன, எங்கே நின்றாலும் அதே பாட்டுத்தானே? உட்காரப் போனவர் ஏதோ தோன்றி, தன் நாற்காலியை இழுத்து டீச்சருக்கு மறுபக்கம் போட்டுக்கொண்டார். டீச்சர் இப்போது அவருக்கு வலது கைப் பக்கம்.

பாட்டு ஆரம்பித்தது. வயலின் வந்தது. பாடகி வாயைத் திறந்தார். கூடவே இன்னொரு குரலும் வந்தது.

"இந்த இடம் வந்தா எனக்குப் பாப்பா நினைப்புதான் வருது. போன ஞாயித்துக்கிழமை போன்ல பேசினாளே, குரலே சரியில்லை. உங்ககிட்ட சொன்னேன். மூணாம் நம்பர் வீட்டம்மா காலி பண்றாங்களாம்..."

காதுக்காரர் மெல்லத் திரும்பினார். டீச்சர் ஸ்பீக்கரைப் பார்த்தபடி, வற்றிய தொண்டையோடு, தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பதிலை எதிர்பார்க்கிற முகம் இல்லை அது.

"பாட்டு ஓடும்போது நீ இன்னமும் பேசுறியா?"

டீச்சர் திடுக்கிட்டார். "எப்பவும் பேசுறதுதானே."

"தினமுமா?"

"பின்ன? பகல் முழுக்க நீங்க ஆஸ்பத்திரில, நான் ஸ்கூல்ல. வேற எப்பப் பேசுறது? முன்னாடி பதில் சொல்வீங்க. அப்புறம் ம்-மோட நிறுத்திக்கிட்டீங்க. அப்புறம் அதுவும் இல்லை. உங்களுக்கு என் பேச்சு அலுத்துப்போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

கேண்டீனில் அடித்துக்கொண்ட பெருமையெல்லாம் காதுக்காரருக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. ரிமோட்டை எடுத்தார். பாடகி பாதி வரியில் நின்றார். இத்தனை வருஷத்தில் ஒரு பாட்டையும் அவர் நடுவில் நிறுத்தியதில்லை.

"என்னவெல்லாம் சொன்னே? முதல்லேருந்து சொல்லு."

"எதைன்னு சொல்றது, போங்க. அதெல்லாம் அன்னன்னைக்குச் சொன்னது, அன்னன்னைக்கே போச்சு."

"ஏதாவது ஒண்ணு."

டீச்சர் யோசித்தார். சுவரைப் பார்த்தார். "இந்தப் பச்சை உங்களுக்கு நிஜமாவே பிடிச்சிருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். பெயிண்டர் இதுதான் நல்லா இருக்கும்னார். உங்களைக் கேட்டா ம்-னீங்க. சரி, இவருக்குப் பிடிச்சிருக்குன்னு அடிக்கச் சொல்லிட்டேன்."

"பிடிக்கலை. பார்த்த முதல் நாளே பிடிக்கலை" என்றார் காதுக்காரர்.

"எனக்கும்தான்" என்றார் டீச்சர்.